உமி மிதக்கும்

ஐஸைப் பத்தி எனக்கு ஒருத்தனும் பாடம் எடுக்கத் தேவையில்ல. முப்பது வருஷத்துக்கு மேல ஐஸோட கிடக்கிறன். கட்டிய ஒருக்காத் தட்டிப் பாத்தாப் போதும், ஒழுங்கா உறைஞ்சதா, அவசரத்தில அரைகுறையா இழுத்ததா என்டு சொல்லிப் போடுவன். கற்பிட்டியில இருந்து பாலாவி வரைக்கும் மீன் யாவாரம் செய்யிற ஆரிட்டயும் கேளுங்க. 'மன்னார் ஐஸ் முதலாளி' என்டா குறிஞ்சிப்பிட்டியில எங்கட வளவு கேற்றக் காட்டுவாங்க. என்ட பேர் நெய்னார் என்டது பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்பிடியான எனக்குத்தான் றஸீன் ஐஸ் காட்ட வந்தவன்.

றஸீன் ஆலங்குடாப் பொடியன். கடல்ல பட்டத்தைக் கட்டிட்டுச் சறுக்குற வெள்ளைக்காரருக்கு முதல்ல பலகை தூக்கினான், பிறகு தானும் பழகினான், பிறகு அவங்களுக்கே பழக்கிக் குடுத்தான். அங்க வந்த ஒரு புருஷனும் பொஞ்சாதியும் இவன்ட வேலை பிடிச்சுப்போய், தங்கட நாட்டில தங்கட ஹோட்டல்ல வேலை தாறம் என்டு கூட்டிப் போனாங்களாம். எந்த நாடு என்டு கேட்டா ஐஸ்லாந்து. துபாய் என்டா விளங்கும், கட்டார் என்டா விளங்கும். இது என்ன நாடு என்டு அன்டைக்கே எனக்கு மனசு ஒரு மாதிரித்தான் இருந்திச்சு.

அவன் போய் ஒன்டரை வருஷம். என்ட மகள் ஸஃப்னாவுக்கு அவனைப் பேசி எட்டு மாசம். ஒக்டோபர் லீவில வந்து நிக்காஹ் செய்யிறதென்டு கதை. இது நடந்த கிழமையில வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய ரெண்டு வீட்டாரும் பள்ளியில இருந்து நாள் குறிக்கிறதென்டு இருந்திச்சு. நிக்காஹ்வில பொம்பிளைக்குப் பொறுப்பான வலி நான். என்ட கையாலதான் அவன்ட கையப் பிடிச்சு என்ட மகளைக் குடுக்கோணும். ஒரே ஒரு மகள். அதனால நான் எதையும் ரெண்டு தரம் பாக்கிறதில பிழையில்ல என்டுதான் இன்டைக்கும் சொல்லுவன். மூண்டாந்தரம் பாத்ததுதான் பிழை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதிட்டு வீட்டுக்கு வாறன். சபூரா, என்ட பொஞ்சாதி, முத்தத்தில பாய் விரிச்சு, நல்லது கெட்டது பாத்து வெங்காயம் தெரிஞ்சிட்டு இருந்தா. ஸஃப்னா ஃபோனைத் தூக்கிட்டு ஓடி வந்தாள்.

"வாப்பா, இத ஒருக்காப் பாருங்க. உங்களுக்கென்டே எடுத்து அனுப்பியிருக்கார்."

வாங்கிப் பாத்தன். கறுத்த மணல். மரமில்ல, புல்லில்ல. ஆள் உயரத்துக்கு டயர் போட்ட ஒரு ஜீப். தலையில ஹெல்மெட் போட்ட பத்துப் பேர் குந்தியிருந்து சப்பாத்துக்கு அடியில இரும்புப் பல்லுக் கட்டுறாங்க. அதில ஒருத்தன் நிமிந்து சிரிச்சான். அது றஸீன்.

"மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். இன்டைக்கு எனக்கு லீவு. முதலாளி அம்மா என்னை ஐஸ் குகை பாக்க அனுப்பியிருக்காங்க. நாங்க இப்ப நிக்கிறது எரிமலைக்கு மேல மாமா. இந்த ஐஸுக்குக் கீழ நெருப்புக் கிடக்குதாம். கடைசியாப் பெருசா வெடிச்சது நூறு வருஷத்துக்கு முந்தியாம். திரும்ப எப்ப வெடிக்கும் என்டு ஆருக்கும் தெரியாதாம்."

"யா அல்லாஹ், அந்தப் புள்ள ஏன் அங்க போற" என்டு சபூரா வெங்காயத்தை விட்டுட்டு எழும்பி வந்தா.

பிறகு உள்ளுக்குப் போறாங்க. பெரிய வாய் மாதிரி ஒரு பொந்து. மேல இருந்து தண்ணி சொட்டுது. வெளிச்சம் நீலமா வருது. செம்பட்டைத் தாடி வைச்ச ஒரு நெட்டையன் முன்னுக்கு நடந்து, எங்க கால் வைக்கிறது, எங்க வைக்கக்கூடாது என்டு கையால காட்டுறான். எங்கேயோ உள்ளுக்குள்ள ஐஸ் வெடிக்கிற சத்தம் கேக்க எல்லாரும் ஒருக்கா நிண்டாங்க. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். றஸீன் கையுறையைக் கழட்டிட்டுச் சுவரைத் தொட்டான்.

"மாமா, உங்களை நினைச்சுத்தான் இதைத் தொட்டன். எவ்வளவு ஐஸ் பாருங்க. நீங்க பாத்தா என்ன சொல்வீங்களோ."

நான் பாத்தன். ஒரு சாண் ஐஸ், அதுக்கு மேல ஒரு கறுப்பு வரி. திரும்ப ஒரு சாண் ஐஸ், திரும்ப ஒரு கறுப்பு வரி. அப்பிடியே முகடு வரைக்கும்.

அது உமி.

உங்களுக்குச் சொன்னாத்தான் விளங்கும். அந்தக் காலத்தில ஐஸ் கட்டியை அடுக்கி வைக்கக்குள்ள, கட்டிக்குக் கட்டி நடுவில உமி போடுறது. போடாட்டி எல்லாம் ஒன்டோட ஒன்டு ஒட்டி ஒரே பாறையாப் போயிரும், பிறகு கோடாலி போட்டாலும் பிரியாது. உருகின தண்ணியில உமி மிதக்கும். அதை அள்ளி வெயில்ல காயப் போட்டுத் திரும்பப் போடுவம். மூண்டாம் நாலாம் தரம் போடக்குள்ள உமி கறுத்துப் போயிரும். வெளியில நிண்டு பாத்தா ஒரு சாண் ஐஸ், ஒரு கறுப்பு வரி, ஒரு சாண் ஐஸ், ஒரு கறுப்பு வரி. மன்னார் எருக்கலம்பிட்டியில ஐஸ் அடுக்குற கொட்டிலில, மடுவம் என்டு சொல்லுவம், அங்க தொடங்கி என்ட கண்ணில பதிஞ்ச கோலம் அது. எனக்கா தெரியாது?

மகள் என்ட முகத்தையே பாத்திட்டு நிண்டாள். நல்லாயிருக்கு என்டு சொல்லுவன் என்டு நினைச்சிருப்பாள்.

"இவன் ஐஸ்லாந்தில இல்ல" என்டன். "எங்கேயோ பழைய ஐஸ் மடுவத்தில நிக்கிறான்."

காரணமில்லாம நான் அப்பிடிச் சொல்லல்ல. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இஞ்ச ஒரு குடும்பத்தில ஒருத்தன் கொரியாவில என்டு சொல்லிப் பொம்பிளை எடுத்தவன். கலியாணம் முடிஞ்சு ஆறு மாசத்தில நான் மீன் விசயமாத் தெற்குப் பக்கம் ஒரு துறைமுகத்துக்குப் போறன், அவன் அங்க ஐஸ் கட்டி சுமந்திட்டு நிக்கிறான். ஏஜென்சிக்காரன் ஏமாத்திப் போட்டானாம், ஊருக்கு வர வெட்கமாம். என்னைக் கண்டதும் ஐஸை நழுவ விட்டுட்டு ஓடினான். அந்தப் பொம்பிளைப் புள்ள இன்டைக்கு வரைக்கும் தாய் வீட்டில. அதை என்ட கண்ணால கண்டவன் நான்.

மற்றது, நோன்புக் கதை. இந்த றமழானில றஸீன் சொன்னான், அங்க ராவு பதினொன்டரைக்குத்தான் சூரியன் இறங்குமாம், கொஞ்ச நேரத்தில திரும்ப சஹர் சாப்பாட்டு நேரமாம். ஒரு நாளைக்கு இருபத்தொரு மணித்தியாலம் நோன்பாம். கேட்ட உடனேயே சொன்னன், இது சுத்தப் புளுகு என்டு. சபூரா போய் பள்ளி ஹஸ்ரத்திட்டக் கேட்டுட்டு வந்து, அப்பிடியும் நாடு இருக்காம் என்டா. இருக்கட்டும். ஆனா பதினொன்டரை மணிக்குச் சூரியன், நெருப்பு மலைக்கு மேல ஐஸ், ஐஸுக்குள்ள உமி. ஒரு மனுசன் எத்தினையைத்தான் விழுங்கிறது?

"வாப்பா, அவர் பொய் சொல்ல மாட்டார்" என்டாள் ஸஃப்னா.

"பொய் சொல்லுறவன் நெத்தியில ஒட்டிட்டா வருவான் மகள்? அவன் மற்ற ஆக்களை விட நல்லாத்தான் கதைப்பான்."

சபூரா என்னைப் பாத்தா, திரும்பிப் போய் வெங்காயத்துக்குப் பக்கத்தில இருந்தா. அந்தப் பார்வையை நான் அப்ப கணக்கெடுக்கல்ல.

மற்ற நாள் விடிய வெள்ளாப்பில உடப்புச் சின்னத்துரை வந்தான். கிழமையில ரெண்டு தரம் லொறியோட வந்து என்னட்ட ஐஸ் ஏத்துறவன், இருபது வருஷப் பழக்கம், அண்ணன் முறை வைச்சு நானா என்டுதான் என்னைக் கூப்பிடுவான். மகளிட்ட இருந்து என்ட ஃபோனுக்கு அனுப்பி வாங்கின வீடியோவை அவனுக்குப் போட்டுக் காட்டினன். கடைசி வரைக்கும் பாத்தான்.

"நானா, எங்கட அம்மன் கோயில் தீக்குழியில நான் ஏழு தரம் இறங்கியிருக்கன்" என்டான். "ஒரு நாளும் காலில ஐஸ் தட்டுப்படல்ல."

ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம். அவன் பகிடிக்குச் சொன்னான். நான் அதைச் சாட்சியா எடுத்துக்கொண்டன். சந்தேகம் பிடிச்சவனுக்குப் பகிடியும் சாட்சிதான்.

அவன் போன பிறகு என்ட மடுவத்துக்குள்ள தனிய நிண்டு யோசிச்சன். அப்பதான் வழி பிடிபட்டுச்சு. உமி என்டா மிதக்கும். மண்ணோ கல்லோ என்டாத் தாழும். அவ்வளவுதானே. ஒரு கிளாஸ் போதும்.

அன்டு பின்னேரம் றஸீன் எடுக்கிற நேரம் பாத்து ஸஃப்னாட ஃபோனை நான் வாங்கினன். அவனுக்கு அங்க காலமையாம். பின்னால ஒரு வெள்ளைச் சுவர், ஒரு அலுமாரி. அலுமாரி எங்கேயும் இருக்கும்.

"மகன், வீடியோ பாத்தன்" என்டன்.

"எப்பிடி மாமா ஐஸ்?" பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான்.

"ஐஸ் நல்ல ஐஸ்தான். அதுக்குள்ள என்ன கறுப்பு?"

"அது சாம்பல் மாமா. மலை வெடிக்கக்குள்ள வந்து விழுற. அதுக்கு மேல பனி கொட்டி உறையும். திரும்ப வெடிச்சா திரும்பச் சாம்பல். அந்த வரியை எண்ணினா எத்தினை தரம் வெடிச்சதென்டு சொல்லலாமாம்."

பாடமாக்கி வைச்ச மாதிரி டக்கென்டு சொன்னான். எனக்கு இன்னும் கூடச் சந்தேகம்.

"சரி. எனக்கொரு வேலை செய். அந்தக் குகையில இருந்து கறுப்பு உள்ள துண்டு ஒன்டு எடு. வெறும் கிளாஸ்ல போடு. உருகி முடியும் வரைக்கும் வீடியோ எடு. நடுவில வெட்டக்கூடாது. குகை வாசல்ல வைச்சே எடுக்கோணும், அந்த மலை தெரியோணும்."

பின்னால ஸஃப்னா "வாப்பா" என்டாள். நான் திரும்பல்ல.

அவன்ட சிரிப்பு மெதுவாப் போச்சு. அவன் விளங்கிட்டான். நான் என்ன கேக்கிறன், ஏன் கேக்கிறன் என்டு நல்லா விளங்கிட்டான். கோவிச்சிருந்தா நான் நம்பியிருப்பன். நேர்மையானவனுக்குக் கோவம் வருமல்லோ? இவன் கோவிக்கல்ல.

"சரி மாமா" என்டான். அவ்வளவுதான்.

பிறகு செவ்வாய்க்கிழமை அவன்ட ஃபோன் கோல் இல்ல. புதன்கிழமையும் இல்ல. ஸஃப்னா பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போறாள், வாறாள், என்னோட கதைக்கிறாள் இல்ல. சோத்தைப் போட்டு மேசையில வைச்சிட்டுப் போயிருவாள். நான் ஃபோனைக் கேட்டா மேசையில வைச்சிட்டு ஒதுங்குவாள். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், மறைக்க என்ன இருக்கு. நான் பிடிச்சிட்டன் என்ட சந்தோசம். மகள் அழுதிட்டுத் திரியிறாள், வாப்பாக்காரன் சந்தோசப்படுறான். இப்ப நினைச்சாத் துப்போணும் போலக் கிடக்கு.

புதன் பின்னேரம் மோட்டச்சைக்கிளை எடுத்திட்டு ஆலங்குடாவுக்குப் போனன். றஸீன்ட உம்மாட்ட நேராச் சொல்லிப் போடுறதென்டு முடிவு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வர வேணாம், நாள் குறிக்கேலாது, உங்கட மகன் எங்கட புள்ளைக்குச் சரிவராது. றோட்டு நெடுக அதையே வாய்க்குள்ள சொல்லிட்டுப் போனன்.

அவ தகப்பனில்லாத புள்ளையை வளர்த்தவ. ஓலைக் கிடுகு வேலிக்குள்ள சின்ன வீடு. அங்கால கடல்ல பட்டங்கள் சிவப்பும் மஞ்சளுமா ஏறி இறங்குது. கதிரையைத் துடைச்சுப் போட்டு, பிளேன்டீயும் கொஞ்சம் சக்கரையும் கொண்டு வந்து வைச்சா.

"வீடியோ பாத்தீங்களா காக்கா?" என்டு கூடப்பிறந்த அண்ணனைக் கேக்கிற மாதிரிக் கேட்டா. "எனக்கும் அனுப்பினான்."

"பாத்தன். உங்களுக்கு என்ன தோணிச்சு?"

"எனக்கென்ன தெரியும் அந்த மலையைப் பத்தி. கையுறையைக் கழட்டிட்டு ஐஸைத் தொடுறான். அவனுக்குச் சின்னனில இருந்து குளிர் ஆகாது, சளி பிடிச்சா நெஞ்சு இழுக்கும். சப்பாத்துக்குள்ள மேஸ் போட்டியா மகன் என்டு கேட்டன். ரெண்டு சோடி போட்டன் உம்மா என்டான்."

அவ வேற ஒன்டுமே கேக்கல்ல. எங்க நிக்கிறாய், உண்மையா, பொய்யா, எதுவும் இல்ல. மேஸ் போட்டியா.

தேத்தண்ணியைக் குடிச்சன். வாய்க்குள்ள கொண்டு வந்த கதை வெளியில வரல்ல. வெள்ளிக்கிழமை வருவீங்கதானே என்டு அவ கேட்டா. பாப்பம் என்டுட்டு எழும்பி வந்திட்டன். ஆனா மனசு மாறினதென்டு நினைக்காதீங்க. தாயும் ஏமாந்திருக்கலாம், தாயைத்தான் முதல்ல ஏமாத்துவாங்க என்டு யோசிச்சுக்கொண்டுதான் வீடு வந்தன்.

வியாழன் அஸருக்குப் பிறகு வீடியோ வந்திச்சு.

மூண்டு பேரும் விறாந்தையில இருந்தம். ஸஃப்னா ஃபோனை மேசையில தண்ணிக் குவளையில சாத்தி வைச்சாள், நான் தொடத் தேவையில்லாம. சபூரா கையைத் துடைச்சிட்டு வந்து என்ட பக்கத்தில இருந்தா.

அதே கறுத்த மணல். அதே பொந்து வாசல். காத்து இரையுது. ஒரு கல்லுக்கு மேல கண்ணாடிக் கிளாஸ். றஸீன் கையில ஒரு துண்டு ஐஸ், நடுவால கறுப்பு வரி. அதைக் கிளாஸ்ல போட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. லீவு கிடைக்க மூண்டு நாள் ஆச்சு, அதான் எடுக்கல்ல, குறை நினைக்காதீங்க. தனிய வர விட மாட்டாங்க. இவர் கூட்டிட்டு வந்தார்." கமெராவைத் திருப்ப அந்தச் செம்பட்டைத் தாடிக்காரன் கை ஆட்டினான். "ஏன் ஐஸ் என்டு கேட்டார். என்ட மாமா ஐஸ் யாவாரி, முப்பது வருஷம், அவர் பரிசோதிச்சுப் பாக்கோணுமாம் என்டன். அதுக்கு அவர், பதினைஞ்சு வருஷமா ஆக்களைக் கூட்டிட்டு வாறன், இப்பிடி ஒரு ஆளைக் கண்டதில்ல, அவரைக் கட்டாயம் கூட்டிட்டு வா என்டார்."

பிறகு அவன் கதைக்கல்ல. குளிருக்க ஐஸ் எங்க உருகுறது? கிளாஸை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டான், கையுறை இல்லாம. ஃபோனை அந்தத் தாடிக்காரன் பிடிச்சிருக்கோணும். ஐஞ்சு நிமிசம், பத்து நிமிசம். விரல் சிவந்து, பிறகு வெளிறிப் போகுது. ஊதி ஊதிப் பிடிக்கிறான். வெட்டல்ல, ஒரு இடத்திலயும் வெட்டல்ல. நெஞ்சு இழுக்கிற புள்ளை என்டு அவன்ட உம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்திச்சு. இருபத்திரண்டு நிமிசம் நாங்க மூண்டு பேரும் ஒருத்தன்ட கையைப் பாத்திட்டு இருந்தம்.

ஐஸ் சின்னனாக சின்னனாக கறுப்பு கழண்டு வந்திச்சு. நான் மேசைக்கு மேல குனிஞ்சிட்டன். கிளாஸ்ட அடியில கறுப்பா ஒரு படை. தண்ணிக்கு மேல ஒரு துளி இல்ல.

தாழ்ந்திட்டுது.

அவன் தண்ணியை ஊத்திட்டு அந்தக் கறுப்பை உள்ளங்கையில தட்டி விரலால உரசிக் காட்டினான். பல் நடுங்குது. "சாம்பல்தான் மாமா" என்டான். வீடியோ முடிஞ்சுது.

அதோட நான் வாயை மூடியிருக்கோணும். மூடினனா? இல்ல.

"வேற எங்கேயும் இருந்து கறுத்த மணலை அள்ளி" என்டு தொடங்கினன், "ஐஸ் உறைய வைக்கக்குள்ளயே நடுவில போட்டா, அதுவும் தாழும்தானே."

ஸஃப்னா எழும்பினாள். சபூரா அவள்ட கையைப் பிடிச்சு இருத்தினா.

"இரு மகள்" என்டா. பிறகு என்ட பக்கம் திரும்பினா. குரலை உயர்த்தல்ல. "இஞ்ச பாருங்க. எருக்கலம்பிட்டி மடுவத்துக்கும் ஒரு கிளாஸ் வைப்பமா?"

எனக்கு ஒரு நிமிசம் விளங்கல்ல.

"தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில இருந்து முஸ்லிம்களை விரட்டக்குள்ள வள்ளத்தில வந்து இறங்கினீங்க" என்டா. "ஒரு சாரம், ஒரு சேட்டு. எங்கட வாப்பா பள்ளியில வைச்சு உங்கள்ட்ட என்ன தொழில் செஞ்ச மகன் என்டு கேட்டார். என்ன சொன்னீங்க?"

நான் சாரத்து நுனியை இழுத்துச் சரிப்படுத்தினன்.

"சொந்த ஐஸ் மடுவம், ரெண்டு வள்ளம், எல்லாத்தையும் விட்டுட்டு வந்தன் என்டீங்க. வாப்பா காணி உறுதி கேட்டாரா? சாட்சி கேட்டாரா? ஆள் அனுப்பி விசாரிச்சாரா? நம்பினார். என்னையும் தந்து, இந்த வளவையும் தந்து, மடுவம் போடத் தென்னை மரத்தையும் வெட்டித் தந்தார்."

"சபூரா" என்டன்.

"யுத்தம் முடிஞ்சு ரெண்டாயிரத்துப் பத்தில நாங்க எல்லாரும் உங்கட ஊர் பாக்க மன்னாருக்குப் போகக்குள்ள நீங்க காய்ச்சல் என்டு நிண்டிட்டீங்க. அங்க ஹிதாயா ராத்தாவைக் கண்டன். மஹ்ரூப் முதலாளிட பொஞ்சாதி. இடிஞ்ச மடுவத்தில சுவரைத் தடவிட்டு நிண்டா. என்ட மாப்பிள்ளைட பேரைச் சொன்னன். ஆ, நெய்னாரா, எங்கட மடுவத்தில உமி அள்ளிப் போட்டவர்தானே, நல்ல பொடியன், சுகமா இருக்காரா என்டு கேட்டா."

மகள் என்னைப் பாக்கிறாள். நான் மேசையைப் பாக்கிறன்.

சொல்லுறன், இனி ஒளிக்க என்ன. எனக்கு மடுவமும் இல்ல, வள்ளமும் இல்ல. மஹ்ரூப் முதலாளிட மடுவத்தில கூலிக்கு உமி போட்டவன் நான். ஊரோட வெளியேறி வரக்குள்ள எல்லாரும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க. விட்டுட்டு வர எனக்கு ஒன்டுமே இருக்கல்ல. புத்தளம் முகாமில ஊராக்களுக்குள்ள இருந்தா என்னை எல்லாருக்கும் தெரியும் என்டுதான் தனிய இஞ்ச வந்தவன். என்ன இருந்திச்சு என்டு அந்த மனுசன் அன்பாக் கேட்டார். இழந்தவனுக்குத்தான் மரியாதை இருந்த காலம். இல்லாததையும் இழந்தன் என்டு சொல்லிட்டன். ஒரே ஒரு தரம் சொன்னது. பிறகு அது என்ட பேராகிப் போச்சு.

"எட்டு வருஷமாத் தெரியுமா உனக்கு?" என்டு கேட்டன்.

"ஓம்."

"ஏன் கேக்கல்ல?"

"வாப்பா மௌத்தாகி அடக்கின பிறகுதான் எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டா அவர் நம்பினது பிழையாப் போயிருமே" என்டா. "அவர் பிழையா நம்பல்ல. நீங்க நல்லாத்தான் பாத்தீங்க என்னை. ஆனா அந்தப் புள்ளைட விரலைப் பாத்தீங்களா இப்ப? அதுக்குப் பிறகும் மணல் என்டு சொன்னீங்க. அதைத்தான் என்னால பொறுக்க ஏலாமப் போச்சு."

எனக்கு வெட்கம். ஐம்பத்திரண்டு வயசில, பெத்த மகளுக்கு முன்னால, நிலத்துக்குள்ள போயிரலாம் போல வெட்கம். ஐஸுக்குள்ள நான் கண்டது உமி. வேற என்னத்தைக் காணுவன்? என்ட கையால போட்டது அதைத்தானே.

ஃபோன் அடிச்சிச்சு. றஸீன். ஸஃப்னா எடுக்கிறதா விடுறதா என்டு என்னைப் பாத்தாள். நான் எடுத்தன்.

போர்வையைச் சுத்திக்கொண்டு இருந்தான். கையில சூடான ஏதோ ஒரு கோப்பை. "பாத்தீங்களா மாமா?" என்டான்.

"பாத்தன் மகன். தாழ்ந்திச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப வெள்ளிக்கிழமை..."

"இரு. நான் ஒன்டு சொல்லோணும்." சபூராவும் மகளும் பக்கத்தில. "ஊரில என்னை மன்னார் ஐஸ் முதலாளி என்டுதான் சொல்லுவாங்க. உன்ட உம்மாவும் அப்பிடித்தான் நினைச்சிட்டு இருப்பா. நான் அங்க முதலாளி இல்ல மகன். இன்னொருத்தர்ட மடுவத்தில உமி அள்ளிப் போட்ட கூலிக்காரன். பொய் சொல்லித்தான் இந்த வீட்டில பொம்பிளை எடுத்தன். நிக்காஹ்வில உன்ட கையப் பிடிக்கப் போறவன் ஆர் என்டு நீ தெரிஞ்சிருக்கோணும். உனக்கு யோசிக்கோணும் என்டா யோசி. உம்மாட்டயும் கதை."

அவன் என்னைப் பாத்தான், நான் அவன்ட கையைப் பாத்தன். விரல் நுனி இன்னும் வெளிறித்தான் இருந்திச்சு. இவ்வளவு நாளும் அவனுக்குச் செஞ்சதை இப்ப அவன் எனக்குச் செய்யலாம். இது உண்மையா, இன்னும் என்னென்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீங்க என்டு கேக்கலாம். கேட்டா பதில் சொல்ல நான் தயாராத்தான் இருந்தன்.

"சரி மாமா" என்டான்.

அதே ரெண்டு சொல்லு. அன்டைக்கும் இதைத்தான் சொன்னான், அதே குரல்லதான் சொன்னான். வேற ஒரு சாட்சியும் என்னட்டக் கேக்கல்ல.

"மேஸ் போட்டியா மகன்?" என்டு கேட்டன். வேற என்ன கேக்கிறதென்டு எனக்குத் தெரியல்ல.

"ரெண்டு சோடி மாமா" என்டான்.

ஃபோனை மகளிட்டக் குடுத்தன். அவள் அதை எடுத்துக்கொண்டு முத்தத்துக்குப் போனாள். சபூரா எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போனா.